அவலும் உப்பும் சர்க்கரையும்

தமிழகத்தை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் பத்துப் பேர் ஒருங்கே கூடும் நாள்கள் ஆண்டில் சிலவே. நவராத்திரிக் கொலு, தீபாவளி, குழந்தையின் பிறந்தநாள், மாற்றலாகிச் செல்லும் நண்பருக்கு விடைகொடுக்கும் மாலை என அவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்று வருவோர் தமிழர் மட்டுமல்லர். மேல்தளத்து வங்காளியரும், எதிர்வீட்டுப் பஞ்சாபியரும், அலுவலகத்து மராத்தியரும் வருவர். அனைவரும் விரும்பி உண்ணத்தக்கதாகவும், முன்னதாகவே செய்து வைக்கக்கூடியதாகவும் ஒரு தின்பண்டம் வேண்டும். முறுக்குப் பிழிய நேரம் இராது; எண்ணெய்ச் சட்டியின் முன் அரைநாள் நிற்க ஆளும் இராது.

இத்தகைய இல்லங்களுக்கு மிகவும் ஏற்றது மகாராட்டிரத்தார் செய்யும் அவல் சிவ்டா. இதற்கு மாவு பிசைய வேண்டா, பிழிய வேண்டா, அடுமனைச் சூளையும் வேண்டா. ஒரு வாணலியும் ஒரு மணி நேரமும் இருந்தால் போதும். உப்பும் காரமும் முன்னே நிற்க, இனிப்பு பின்னே வந்து நாவில் படும். நாசிக் நகரின் சிவ்டாவுக்குத் தனிப்புகழ் உண்டு.

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் ஒரு பாடம் கற்பித்தது. இந்தி அகராதியில் இதற்கு 'அவல்' என்றே பொருள் கண்டோம். பீகாரில் அது சரியே. மகர சங்கராந்தியன்று அவர்கள் தயிரும் வெல்லமும் கூட்டி உண்ணும் 'சூடா' வெறும் அவல்தான். புணேயிலோ அவலுக்குப் 'போஹே' என்று பெயர். அவலை வறுத்துப் பல பொருள்களோடு கலந்த பின்னரே அது 'சிவ்டா' ஆகிறது. வங்காளத்தில் இத்தகைய காரக் கலவையைச் 'சனாசூர்' என்பர். வட இந்தியக் கடைகளில் இவ்வகைப் பண்டங்கள் அனைத்திற்கும் 'நம்கீன்' என்பது பொதுப்பெயர். உப்பைக் குறிக்கும் 'நமக்' என்னும் பாரசீகச் சொல்லின் வழி வந்தது அது. ஆகவே கடைக்குச் செல்லும் நேயர்கள் அகராதியை மட்டும் நம்பாமல், 'பத்லா போஹா', அதாவது மெல்லிய அவல் என்று கேட்டு வாங்குக. உப்புமாவுக்குரிய கெட்டி அவல் இதற்கு உதவாது. அது வெளியே சிவந்தாலும் உள்ளே கடினமாகவே நிற்கும்.

இனி அளவுகள். மெல்லிய அவல் 250 கிராம், நிலக்கடலை 100 கிராம், பொட்டுக்கடலை 50 கிராம், மெல்லியதாகச் சீவிய கொப்பரை 40 கிராம், முந்திரி 25 கிராம், உலர்ந்த திராட்சை 40 கிராம், பச்சை மிளகாய் நான்கு, கறிவேப்பிலை மூன்று ஈர்க்கு, கடுகு ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, பெருங்காயம் சிறிது, எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, பொடியுப்பு 8 கிராம், பொடித்த சர்க்கரை 25 கிராம். ஏறத்தாழ அரைக் கிலோவுக்கு மேல் சிவ்டா கிடைக்கும். பதினைந்து பேருக்குப் போதும்.

அவலைச் சலித்துத் தூசியை நீக்கி, இரண்டு பங்காகப் பிரித்து, எண்ணெய் இல்லாமல் சிறுதீயில் எட்டுப் பத்து நிமிடம் வறுக்கவேண்டும். கரண்டியால் அழுத்திக் கிளறினால் அவல் நொறுங்கும்; வாணலியைக் குலுக்கிக் கொடுப்பதே நலம். இரண்டு அவலை விரல்களுக்கிடையே நசுக்கினால் பொடியாக வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இன்னும் உள்ளது என்று பொருள். தில்லி போன்ற ஊர்களில் உலர்ந்த கோடை வெயில் உள்ள நாளில், மாடியில் இரண்டு மூன்று மணி நேரம் துணியில் பரப்பி வைத்தால் வறுக்கும் வேலை பாதியாகும்.

பின்னர் எண்ணெயைக் காயவைத்து நிலக்கடலை, முந்திரி, கொப்பரை, திராட்சை என்ற வரிசையில் ஒவ்வொன்றாக வறுத்து எடுத்துக்கொள்க. ஒவ்வொன்றும் சிவக்கும் நேரம் வேறாதலின் ஒன்றாகப் போடலாகாது. திராட்சை உப்பியவுடன் எடுத்துவிட வேண்டும். மீந்த எண்ணெயில் கடுகு தாளித்து, நறுக்கிய மிளகாயையும் கறிவேப்பிலையையும் சலசலவென்று ஒலிக்கும்வரை பொரிக்கவேண்டும். அவற்றில் ஈரம் எஞ்சினால் அது அவலுக்கே வந்து சேரும். தீயை முற்றும் தணித்துப் பெருங்காயமும் மஞ்சளும் இடுக. மஞ்சளின் நிறம் நீரைவிட எண்ணெயில் நன்கு கரைவது. எண்ணெய் வழியாகவே அது எல்லா அவலிலும் ஏறுகிறது. ஆயினும் மிகு சூட்டில் விரைவில் கருகிக் கசக்கும். இதன்மேல் அவலையும் பொட்டுக்கடலையையும் வறுத்த பருப்புகளையும் கொட்டி, உப்புத் தூவி, இரண்டு நிமிடம் குலுக்கி இறக்கிவிடுக. உப்பு நைசாக இருக்கவேண்டும். கல்லுப்பு அவலில் ஒட்டாது பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும்.

சர்க்கரையை அடுப்பில் இருக்கும்போது சேர்க்கலாகாது. சூட்டில் அது இளகி, ஆறும்போது அவலைக் கட்டி கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இறக்கிய பின், கைபொறுக்கும் சூட்டில் தூவினால் பொடியாகவே படியும். இவ்வளவு சிறிது சர்க்கரை எதற்கு என்று சிலர் வினவுவர். மிளகாயின் காரத்தை அது தணிக்கிறது. உப்போ கசப்பை அடக்கி இனிப்பை எடுத்துக்காட்டுகிறது. ஒன்று மற்றொன்றைத் தாங்குவதனால்தான் கை மீண்டும் கிண்ணத்திற்குச் செல்கிறது.

இவையெல்லாம் தெரிந்த பின்னும் நாம் ஒரு நவராத்திரியில் தோற்றோம். அன்று அலுவலகத்திலிருந்து தாமதமாக வந்து, அவசரமாகச் செய்து, சூட்டோடு எவர்சில்வர் டப்பாவில் அடைத்து இறுக மூடிவிட்டோம். மறுநாள் மாலை கொலுவுக்கு வந்தோர் முன்பு திறந்தபோது, அவல் ஈரத்தாள் போலத் துவண்டு கிடந்தது. பக்கத்து வீட்டு மராத்தி அம்மையாரை எங்கள் குடியிருப்பில் சிறுவர் பெரியவர் எல்லாரும் 'காகூ' என்றே அழைப்பது வழக்கம். அவர் ஒரு பிடி எடுத்து வாயிலிட்டுப் பார்த்து, "சூடு அடங்குமுன் மூடிவிட்டீர்களே, தம்பி. வறுத்ததை நீங்களே திரும்பவும் வேகவைத்துவிட்டீர்கள்" என்றார். பிறகு சமையலறைக்குள் வந்து, திராட்சையைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மிகச் சிறுதீயில் நான்கு நிமிடம் புரட்டி, அகன்ற தாம்பாளத்தில் ஆறப்போட்டார். விருந்தினர் விடைபெறுவதற்குள் அது மொறுமொறுப்பாகிவிட்டது.

அவர் சொன்னதன் காரணம் இதுவே. சூடான பண்டத்திலிருந்து நீராவி எழுகிறது. மூடிய டப்பாவில் அது வெளியேற வழியின்றி மூடியில் குளிர்ந்து நீராகி மீண்டும் விழுகிறது. வறண்ட அவல் அதை உறிஞ்சிக்கொள்கிறது. நொறுங்கவேண்டிய மாவுப்பொருள் இளகித் துவள்கிறது. திராட்சையிலும் நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவில் நீர் உண்டு. டப்பா நன்கு மூடியிருந்தாலும் அந்நீர் மெல்ல மெல்ல அவலுக்கு நகரும். எனவே சிவ்டாவை ஒரு மணி நேரம் பரப்பி ஆறவைத்த பின்னரே அடைக்கவேண்டும். திராட்சையைத் தனியே வைத்துப் பரிமாறும்போது சேர்க்கவேண்டும். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று ஊர்களில் வாழ்வோர் பெரிய டப்பா ஒன்றினும் சிறிய டப்பாக்கள் சிலவற்றில் பிரித்து வைப்பது நன்று. அடிக்கடி திறப்பதனால் முழுவதும் கெடாது. மொறுமொறுப்பாகவே இருந்தும் பழைய எண்ணெயின் நாற்றம் வீசுமானால், கடலையிலும் கொப்பரையிலும் உள்ள எண்ணெய் சிக்கடித்துவிட்டது என்று அறிந்து கழித்துவிடுக.

கடையில் வாங்கிய சேவையோ பிகானேரி புஜியாவையோ கலக்க விரும்புவோர் உண்டு. பின்னது ராஜஸ்தானத்தில் 'மோட்' என்னும் பயற்றின் மாவும் கடலைமாவும் கொண்டு செய்யப்படுவது. 2010-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. கலப்பதில் தவறில்லை, ஆனால் அவற்றில் முன்பே உப்பு உண்டு என்பதை நினைவில் கொண்டு, நம் உப்பைப் பாதியாகக் குறைக்கவேண்டும். பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ணவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மேற்சொன்ன அளவில் செய்த சிவ்டாவில் 30 கிராம் எடுத்தால் அரைக் கிராமுக்குச் சற்றுக் குறைவாக உப்பு இருக்கும். ஒரு கிண்ணம் எவர்க்கும் பெரும் சுமையன்று. பேச்சின் சுவையில் நான்கு கிண்ணம் போவதே சுமை.

இறுதியாக, மிக முதன்மையானது ஒன்று. நம் இல்லத்து விருந்தொன்றில் மூன்று வயது நிரம்பாத குழந்தை ஒன்று, தாழ்வான மேசையிலிருந்து ஒரு பிடி அள்ளி வாயிலிட்டு ஓடியது. நிலக்கடலை தொண்டையில் அடைத்தது. அழுகையும் எழவில்லை, இருமலும் எழவில்லை. மூத்த அம்மையார் ஒருவர் குழந்தையை முன்னே குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்புறத்தால் தட்டினார். மூன்றாம் தட்டில் கடலை வெளியே விழுந்தது. அந்தச் சில நொடிகளை நாம் இன்றும் மறக்கவில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக்கடலையும் முழு முந்திரியும் தருதலாகாது. குழந்தை இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுக. இருமவோ அழவோ மூச்சுவிடவோ இயலாவிடில், ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை இவ்வாறு குனியவைத்து ஐந்து முறை வரை தட்டி, உடனே 112 எண்ணுக்கு உதவி கோருக. வாய்க்குள் பார்வையின்றி விரலைவிட்டுத் துழாவலாகாது. பொருள் இன்னும் ஆழச் செல்லும்.

அன்று முதல் நம் வீட்டில் சிவ்டா எட்டா உயரத்தில்தான் பரிமாறப்படுகிறது. சிறுவர்க்கெனப் பருப்புகள் இல்லாமல், வறுத்த அவலில் சிறிது சர்க்கரையும் உப்பும் மட்டும் சேர்த்துத் தனிக்கிண்ணம் வைக்கிறோம். கடலை ஒவ்வாதவர் எவரேனும் உளரா என்று விருந்தினரை முன்னரே கேட்டுவிடுகிறோம். முதல்நாள் செய்து ஆறிய சிவ்டாவில் முதல் டப்பா காகூவின் வீட்டுக்குச் செல்லும். அவர் ஒரு பிடி வாயிலிட்டு, நொறுங்கும் ஓசையைக் கேட்டுத் தலையசைத்த பின்னரே மற்ற டப்பாக்களை மூடுகிறோம்.