இரும்புக்கடையில் தமிழ் எழுத்துக்கள்

பணி ஓய்வுக்குப் பின் என்ன செய்கிறீர்கள் என்று சங்கக் கூட்டங்களில் அன்பர்கள் கேட்பதுண்டு. "பழைய இரும்புக்கடை சுற்றுகிறேன்" என்றால் சிரிக்கிறார்கள். உண்மை அதுதான். ரயில்வேயில் சிக்னல் நெம்புகோல்களோடு காலம் தள்ளியவனுக்கு, நெம்புகோல்களாலேயே ஆன தட்டச்சுப் பொறியின் மேல் ஆசை வந்ததில் வியப்பென்ன? பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்திலும், மேலே மூணாறு, தேவிகுளம் பக்கமும் தேடி இதுவரை ஐந்து தமிழ்ப் பொறிகள் சேர்த்திருக்கிறேன்.

கேரளத்தில் தமிழ்ப் பொறிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், இங்குள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தத்தம் மொழியில் எழுதலாம், பதிலும் அம்மொழியிலேயே தரவேண்டும் என்று இடம் கொடுத்திருக்கிறது. பதில் தமிழில் வரவேண்டுமானால் தமிழ்ப் பொறி வேண்டும், அதில் அடிக்கத் தெரிந்த கையும் வேண்டும். ஒரு முறை நிலவரி சம்பந்தமாக ஓர் அலுவலகத்துக்குத் தமிழில் மனுக் கொடுத்தேன். பல மாதம் நடந்த பிறகு, "தமிழ் டைப்பிஸ்ட் இல்லை சார், மலையாளத்தில் தந்தால் போதுமா?" என்றார்கள். அந்த அறை மூலையில் துணி மூடிய பொறி ஒன்று இருந்தது. அது தமிழா என்று பார்க்காமல் வந்துவிட்டேன். இன்றும் அந்த வருத்தம் உண்டு.

தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று போற்றப்படும் ஆர். முத்தையா, யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து 1907இல் மலேயா சென்றவர். சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே 247 எழுத்துக்களை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளில் அடக்க வழி கண்டார். கொம்பு, கால் முதலியவற்றைத் தனித்தனி விசைகளாக்கினார். புள்ளி விசையை அடித்தால் வண்டி நகராது. அடுத்து அடிக்கும் மெய் அதே இடத்தில் புள்ளிக்குக் கீழே வந்து விழும். ஒரு பல்லைச் சக்கரம் தாண்டவிடாமல் செய்யும் சின்ன ஏற்பாடுதான், ஆனால் அதை யோசித்த மூளையை நினைத்துப் பாருங்கள்! டகரத்தோடு இகரம் ஒட்டும் விதம் வேறாகையால் 'டி'க்கு மட்டும் தனி விசை. மலையாளத்துக்கு இந்த வசதி எளிதில் வாய்க்கவில்லை. 1971இல் எழுத்தையே சீர்திருத்திப் பொறிக்கு ஏற்றதாக்க வேண்டியிருந்தது.

முத்தையாவின் பொறிகளை ஜெர்மனியின் சைடல் அண்ட் நௌமன் நிறுவனம் செய்தது. 'பிஜூ' என்ற கையடக்கப் பொறி கிடைத்தால் அதிர்ஷ்டம், எனக்குக் கிடைக்கவில்லை. நமக்குச் சாதாரணமாகக் கிடைப்பவை ரெமிங்டன், கோத்ரெஜ், சென்னையில் செய்த ஹால்டா, ஃபேசிட். கோத்ரெஜ் 1955இல் தொடங்கி 2009 வரை தட்டச்சுப் பொறி செய்தது, ஆகவே அதற்கு உதிரி பாகம் தேடுவது கொஞ்சம் எளிது. புதியவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.

வாங்கும்போது விசையின் மேலுள்ள எழுத்தை நம்பாதீர்கள். ஆங்கிலப் பொறிமேல் தமிழ் ஒட்டுத்தாள் ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். விசைக்கம்பியின் நுனியில் இருக்கும் அச்சைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அங்கே தலைகீழாகத் தமிழ் தெரியவேண்டும். ஈயப் பற்று புதிதாக மின்னினால் அச்சை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு ஒரு தாளைச் செருகி 'யளனகப' அடித்துப் பாருங்கள். தட்டச்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த முதல் பாடம் மறக்காது. என் மனைவி நாற்பது வருடத்துக்குப் பின்னும் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள், நான்தான் இன்னும் தேடித்தேடிக் குத்துகிறேன்.

சுத்தம் செய்வதில் நான் செய்த தவறை நீங்கள் செய்யவேண்டாம். முதல் பொறி இறுகியிருந்ததால், சிக்னல் கம்பிக்கு விடுவதுபோல் எண்ணெயைத் தாராளமாக விட்டேன். ஒரு வாரம் ஓடியது. மழைக்காலம் முடிவதற்குள் தூசியும் எண்ணெயும் பசையாகி எல்லாக் கம்பிகளும் ஒட்டிக்கொண்டன. விசைக்கம்பிகள் அமரும் பள்ளத்தில் எண்ணெயே கூடாது. ஸ்பிரிட்டில் நனைத்த பல்துலக்கியால் தேய்த்து உலரவிட்டால் போதும். ரப்பர் உருளையில் பெட்ரோல், மண்ணெண்ணெய் படக்கூடாது. நாடா அரை அங்குல அகலத்தில் இன்னும் விற்கிறது. மூணாறு ஈரத்துக்குத் துருதான் முதல் எதிரி, அங்குள்ளவர்கள் மூடி வைப்பதோடு மாதம் ஒரு முறை வெயில் காட்டவேண்டும்.

கணினி விசைப்பலகையில் ஆர்வமுள்ள இளைஞர்கள், உள்ளே ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்பிரிங் உள்ள டிவிஎஸ் கோல்டு போன்றவற்றைத் தேடலாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த 'தமிழ்99' அமைப்பு தட்டச்சு அமைப்பிலிருந்து முற்றிலும் வேறு. தமிழ் எழுத்து பொறித்த பலகை கிடைத்தால் எந்த அமைப்பு என்று பார்த்து வாங்குங்கள்.

பெரிய பொறி ஒன்று பதினைந்து கிலோ இருக்கும். கடைக்காரருக்கு அது எடை, அவ்வளவுதான். போன மாதம் சித்தூர் கடை ஒன்றில் நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு தமிழ் ரெமிங்டனை உடைத்துவிட்டார்கள். விசைக்கம்பிகள் மட்டும் ஒரு டின்னில் கிடந்தன. நாற்பத்திரண்டு எண்ணினேன், 'ழ' அதில் இல்லை. உங்கள் வீட்டுப் பரணிலோ, தெரிந்த தட்டச்சுப் பள்ளியிலோ ரெமிங்டன் 'ழ' இருந்தால் சங்க அலுவலகத்தில் சொல்லி வையுங்கள்.