அழாத பிள்ளை

பிறந்தபோது மூன்று கிலோ. மூன்றாம் நாள் தராசில் 2 கிலோ 780 கிராம். ‘பால் பத்தலை போலிருக்கே’ என்று பாட்டி முணுமுணுக்க, பெற்றவளின் முகம் வாடிவிடும். ஆனால் கரைந்த 220 கிராமில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

பனிக்குடத்தில் மிதந்த சிசுவின் உடலில் முக்கால் பங்கு நீர். வெளியே வந்ததும் உபரியைச் சிறுநீராகவும் மூச்சின் ஈரமாகவும் கழிக்கிறது. பிரசவத்தின்போது தாய்க்கு ஏற்றிய திரவம்கூடப் பிள்ளையின் பிறப்பு எடையைச் சற்றுக் கூட்டிக் காட்டுவதுண்டு. வட கலிபோர்னியாவில் தாய்ப்பால் மட்டும் குடித்த 1,08,907 குழந்தைகளின் எடையைத் தொகுத்து 2015இல் வெளியிட்டார்கள். இரண்டு நாளுக்குள் பத்து சதவீதமோ அதற்கு மேலோ இழந்தவை, சுகப்பிரசவத்தில் ஏறக்குறைய 5 சதவீதம். சிசேரியனில் 10 சதவீதத்துக்கும் மேல்.

நஞ்சுக்கொடி விழுந்ததும் தாயின் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் சரிகிறது. அந்தச் சரிவுதான் மார்புக்குக் கட்டளை. பால் பெருக இரண்டு மூன்று நாளாகும். அதுவரை வேளைக்குச் சில மில்லிலிட்டர் சீம்பால். பிள்ளை கையிருப்பு நீரைச் செலவழிப்பதும் பால் வந்து சேர்வதும் அநேகமாக ஒத்துப்போகின்றன.

ஒத்துப்போகாதபோது நடப்பதுதான் விசித்திரம். சீம்பாலில் சோடியம் அதிகம். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சப் பால் பெருகி அந்த உப்பு குறையும். வாய் சரியாகப் பற்றவில்லையென்றால் பாலும் கூடாது, உப்பும் குறையாது. குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஏறும். அந்த உப்பு செல்களுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துக்கொள்ளும். அதனால் தோல் சுருங்காது, கண் குழியாது. பிள்ளை சோர்ந்து தூங்கும். ‘சமத்து, அழவே மாட்டேங்குது’ என்று வீடே மெச்சும்!

அங்கே உண்மை பேசுவது ஈரத்துணிதான். ஐந்தாம் நாளுக்குமேல் தினம் ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும். கருப்பு மலம் மஞ்சளாகியிருக்க வேண்டும். முதல் ஓரிரு நாளில் துணியில் செங்கல்பொடி நிறத்தில் கறை தெரிந்தால் பெரும்பாலும் அது யூரேட் உப்பு, பயமில்லை. நான்காம் நாளுக்குப் பிறகும் தெரிந்தால் மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான். சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது வேண்டாத வேலை: வயிறு நிறைந்த பிள்ளை மார்பைத் தேடாது. தாய்ப்பாலிலேயே 87 சதவீதம் நீர்தான்.

உப்பு ஏறிய பிள்ளைக்கு மருத்துவமனையில் மளமளவென்று நீரேற்ற மாட்டார்கள். உப்புக்குப் பழகிவிட்ட மூளைச் செல்கள் திடீரென்று நீரைக் குடித்து வீங்கிவிடும். அளந்து அளந்து, இரண்டு நாளாவது எடுத்துக்கொண்டுதான் சோடியத்தை இறக்குகிறார்கள்.