சிலந்தியின் சுரைக்குடுவை



மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் வாழும் அசாந்தி மக்கள் பொழுது சாய்ந்த பிறகுதான் கதை சொல்வார்களாம். அந்தக் கதைகளில் யானையும் சிறுத்தையும் மனிதரைப் போலவே பேசும். ஆனால் நாயகன் அனான்சி என்னும் சிலந்தி. சிலந்தியே வராத கதைக்கும் அங்கே சிலந்திக் கதை என்றுதான் பெயர்.

அனான்சி நல்லவன் அல்ல, பேராசைக்காரன், ஏமாற்றுக்காரன். இப்படிப்பட்டவனை வைத்தா பிள்ளைகளுக்கு நல்லது சொல்வது என்று நமக்குத் தோன்றும். 1930-இல் ராட்ரே என்ற ஆய்வாளர் நூலாக வெளியிட்ட அசாந்திக் கதைகளுள் ஒன்றைக் கேளுங்கள்.

உலகிலுள்ள அறிவு முழுவதையும் அனான்சி ஒரு சுரைக்குடுவையில் அடைத்து, மர உச்சியில் ஒளித்துவைக்கப் புறப்பட்டான். குடுவையை வயிற்றின்மேல் கட்டிக்கொண்டு ஏறினான். குடுவை இடித்தது, ஏற முடியவில்லை. கீழே நின்ற சின்ன மகன், "அப்பா, அதை முதுகில் கட்டிக்கொண்டால் ஏறலாமே" என்றான். "போடா, உனக்கென்ன தெரியும்!" என்று அனான்சி விரட்டினான். பிறகு அப்படியே செய்து பார்த்தான். மளமளவென்று ஏறிவிட்டான்!

பாதி மரத்தில்தான் அவனுக்கு உறைத்தது. எல்லா அறிவையும் நானே சேர்த்துவிட்டேன் என்று நினைத்தேனே, இந்தப் பொடியனிடம் மிச்சம் இருந்திருக்கிறதே! வெட்கத்தில் குடுவையைக் கீழே போட்டு உடைத்தான். அறிவு சிதறியது. ஓடிவந்தவர்கள் அள்ளிக்கொண்டார்கள்.

அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் ஊரையும் உறவையும் இழந்தபோதும் இந்தச் சிலந்தியை ஜமைக்காவரை கொண்டுசென்றார்கள். அங்கே அவன் புலியை ஏமாற்றுகிறான். சாட்டைக்குப் பயந்து வாழ்ந்தவர்களுக்கு, எளியவன் வலியவனை வெல்வது வெறும் சிரிப்புக் கதையாகவா இருந்திருக்கும்?

குடுவைக் கதையில் என்னை நிறுத்துவது வேறொன்று. இதைச் சொல்பவர்கள் பெரியவர்கள். கதையில் தோற்பவரும் பெரியவரே. தகப்பன் தவறுவதையும், மகன் சொன்னது சரியாவதையும் பிள்ளைகள் முன்னிலையிலேயே சொல்லிச் சிரிக்கிறார்கள். நம் வீடுகளில் "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்!

இன்றிரவு இந்தக் கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். கேட்டு முடித்ததும் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்து, "அப்பா, அன்னைக்கு நீங்களும் இப்படித்தானே..." என்று தொடங்கினால், அது சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.