"ஏதாவது வேணும்னா சொல்லுங்க அக்கா" - சொல்லிட்டுப் போனா போதுமா?

கடலூர்,

மஞ்சக்குப்பத்தில் காலையில் வேலைக்குக் கிளம்பிய கொத்தனார் ஒருவர், சாயங்காலம் 108 ஆம்புலன்சில் ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொடை எலும்பு முறிவு. 3 மாதம் எழுந்து நடக்க முடியாது. வீட்டில் மனைவி, பள்ளிக்கூடம் போகும் 2 பிள்ளைகள், வயதான மாமியார். கூலி வேலைக்குப் போகிற எந்த வீட்டிலும் இது நடக்கலாம்.

முதல் 3 நாள் வீடு நிறைய ஆட்கள். ஆர்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் குவியும். "ஏதாவது வேணும்னா கூச்சப்படாம சொல்லுங்க அக்கா" என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். 4-வது நாள் வாசலில் ஈ, காக்கா இருக்காது. 10-வது நாள் அந்த அக்கா காதில் கிடக்கும் தோட்டைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்குப் போவார். அதுவும் தீர்ந்தால் கந்து வட்டிதான்.

வந்து போனவர்கள் யாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வாய் திறந்து கேட்கிற பாரத்தை அந்த அக்கா தலையில் ஏற்றிவிட்டுப் போனதுதான் கோளாறு. "இன்னிக்கு ராத்திரி உலை வைக்க அரிசி இல்ல" என்று யார் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவார்?

சோறும் துணியும்

கேட்காமலே செய்த உதவி ஒன்றை கடலூர் மாவட்டம் கண்ணால் பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை. பரங்கிப்பேட்டையில் கல்யாணத்துக்குச் சமைத்து வைத்திருந்த சாப்பாட்டை, பக்கத்து மீனவக் கிராமங்களில் இருந்து உயிர் தப்பி ஓடி வந்தவர்களுக்கு முஸ்லிம் ஜமாத்தார் அப்படியே எடுத்துக் கொடுத்தார்கள். பசின்னு தெரிஞ்சுது, சோறு போட்டாங்க. அதோடு கைகழுவவும் இல்லை. அடுத்து வந்த நாட்களிலும் அடுப்பு எரிந்தது.

அதே சுனாமி சமயத்தில் வெளியூர்களில் இருந்து பழைய துணி லாரி லாரியாக வந்து இறங்கியது. கடலூர், நாகப்பட்டினம் பகுதி ரோட்டோரங்களில் மலை மாதிரி குவிந்து கிடந்தது. கிழிசலை யார் கட்டுவார்கள்? தொடக்கூட ஆள் இல்லை. அனுப்பியவர்கள் மனசும் நல்ல மனசுதான். என்ன தேவை என்று கேட்டுச் சொல்ல நடுவில் ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டது.

ஒரு ஆள், ஒரு நோட்டு

ஒரு வீட்டுக்கு உதவும்போதும் அந்த நடு ஆள்தான் முக்கியம். அவர் நெருங்கிய ரத்த சொந்தமாக இல்லாமல் இருப்பது நல்லது. அவர்களே அழுதுகொண்டிருப்பார்கள். பக்கத்து வீட்டு அண்ணியோ, கூட வேலை பார்ப்பவரோ போதும். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. "என்ன வேணும்?" என்று அந்த வீட்டில் கேட்கக் கூடாது. தண்ணீர் பிடிப்பது யார், ரேஷன் வாங்குவது யார், பாட்டிக்கு மாத்திரை வாங்கி வருவது யார் என்று அவரே பார்த்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் போட வேண்டும்.

சாப்பாட்டில்தான் குளறுபடி அதிகம். ஒரே நாளில் 4 வீட்டு சாம்பார் வரும், மறுநாள் ஒன்றும் வராது. பிள்ளைகள் அரசு தொடக்கப் பள்ளியில் படித்தால் மதியச் சத்துணவு உண்டு. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க விரிவான பிறகு காலைப் பலகாரமும் பள்ளியிலேயே கிடைக்கிறது. ஆக, அவர்களுக்குப் பள்ளி நாளில் தேவைப்படுவது ராத்திரிச் சாப்பாடு, லீவு நாளில் 3 வேளை. 7 வீடு சேர்ந்தால் வீட்டுக்கு வாரம் ஒரு நாள்தான் வருகிறது. வீட்டோடு இருக்கும் பாட்டியையும், ஆஸ்பத்திரியில் கூட இருப்பவரையும் மறந்துவிடக் கூடாது. நோயாளிக்கு வார்டில் சாப்பாடு வரும். காவல் இருப்பவருக்கு?

ராத்திரிக் காவலுக்கு ஆண்கள் வார்டில் ஆம்பளை ஆள் வேண்டும். புதுச்சேரி ஜிப்மருக்கு மாற்றிவிட்டால் போக வர பஸ் செலவும், ஒரு நாள் கூலியும் போகும். இதை ஒரே ஆள் தலையில் கட்டினால் 2-வது வாரம் அவர் போனை எடுக்க மாட்டார்.

காகிதம் முக்கியம்

பணம் வசூலிக்கக் கிளம்பும் முன்பு, ஆபீஸ் ஆபீசாக அலைந்து பழகிய ஒருவரைப் பிடியுங்கள். தெருவுக்கு ஒருத்தர் இருப்பார். குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. கொடுக்கும் வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அதில் சேர்ந்துள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறதா என்றும் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

வாராவாரம் குழுக்கடன் தவணை கேட்டு ஆள் வரும். அன்றைக்கு அக்காவைத் தனியாக விடாதீர்கள். தவணைக்குத் தவணை கேட்டு ஒருத்தர் கூட நின்று பேச வேண்டும். மிரட்டி வசூல் செய்வதைத் தடுக்க 2025-ல் தமிழக அரசு சட்டமே கொண்டு வந்திருக்கிறது.

மொய் இல்லை

பணம் வசூலித்தால் 2 பேர் சேர்ந்து வாங்க வேண்டும். கொடுத்தவர் பெயரையும் தொகையையும் அவர் கண் முன்னாலேயே எழுத வேண்டும். "இது மொய் இல்லீங்க, திருப்பிச் செய்ய வேண்டியதில்லை" என்பதையும் அந்தக் குடும்பத்திடம் சொல்லிவிடணும். நம்ம ஊரில் நோட்டில் பெயர் ஏறினாலே கடன் என்று நினைத்துத் தூக்கம் கெடும். கட்டுப் போட்ட காலைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விடுவது வேறு கொடுமை. நாளைக்கு அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தலைநிமிர்ந்து போக வேண்டாமா?

முதல் வாரம் ஓடி வருகிறவர்களில் பாதிப் பேரை, "அண்ணே, நீங்க அடுத்த மாசம் வாங்க" என்று தள்ளி எழுதி வைப்பது நல்லது. கட்டுப் பிரித்த கையோடு யாரும் சாரத்தில் ஏறிவிட முடியாது. உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது மேஸ்திரியிடம் கிடைக்குமா என்று கேட்டு வைக்கிற வேலைக்கும் நோட்டில் ஒரு பெயர் வேண்டும்.