பிரசவ லீவு முடிந்த பின்னர்

உத்தியோகம் பார்க்கும் பெண்ணொருத்தி பிரசவத்துக்காக லீவு பெறுகின்றாள் என்றால், அது எத்தனை நாள் என்பதையே நம்மவர் முதலில் வினவுவர். அந்த லீவு முடிந்து அவள் வேலைக்கு மீளும்போது என்ன நிகழ்கின்றது என்று வினவுவோர் சிலரே. நமது எண்ணத்தில் இரண்டாவது வினாவே பெரிது.

நாட்கணக்கை முதலிற் கூறிவிடுவோம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி சம்பளத்துடன் 84 நாள் உண்டு; பேற்றுக்கு முன் 14, பின் 70. வாராந்த விடுமுறையும் போயா தினமும் இக்கணக்கிற் சேரா. இரு பிள்ளைகள் உள்ள தாய்க்கு அடுத்த பேற்றில் 42 நாளே என்றிருந்த வேற்றுமையை 2018ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிற்று. மூன்றாவது குழந்தைக்குப் பசி பாதிதான் என்று முன்னர் எண்ணினார்கள் போலும்! அரசாங்க ஊழியருக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்களும், அதன்மேல் அரைச் சம்பளத்துடன் 84 நாட்களும், பின்னும் வேண்டின் சம்பளமின்றி 84 நாட்களும் உள.

84 வேலை நாட்கள் என்பது ஏறக்குறைய நான்கு மாதம். நம் முன்னோர் முப்பத்தொன்றிலே துடக்குக் கழித்து, காயச் சரக்கு அரைத்துக் கொடுத்து, தாயை வீட்டுக்குள்ளே பேணினர். அதனோடு ஒப்பிடின் இது நீண்ட காலமே. ஆயினும் குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும், வேறொன்றும் வேண்டா என்பது வைத்தியர் விதி. முழுச் சம்பள லீவோடு நிறுத்திக்கொள்ளும் தாய்க்கு, இடையிலுள்ள இரண்டு மாதத்துக்கு வழி யாது?

தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் வேலை செய்வோருக்கு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் ஒரு வழி வகுத்துள்ளது. குழந்தைக்கு ஒரு வயது நிறையும்வரை, ஒன்பது மணி நேர வேலையில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் கொடுத்தல் வேண்டும். குழந்தையை வைத்துப் பராமரிக்க அங்கேயே இடமிருப்பின் ஒவ்வொன்றும் அரைமணி. இல்லையேல் ஒவ்வொன்றும் ஒரு மணி. உணவு இடைவேளை இதனிற் சேராது. மலைநாட்டுத் தோட்டங்களிலே பிள்ளைக் காம்பரா இருத்தலால் அரைமணி பயன்தரும். ஆனால் ஆறு மைலுக்கு அப்பாலிருந்து பஸ்ஸில் வரும் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் என்ன செய்யும்? போய்ச் சேருமுன்னரே திரும்ப நேரமாகிவிடும். முதலாளி மனம் வைத்து, இரு மணியையும் சேர்த்து மாலையில் முன்னதாக அனுப்புவாராயின் அச்சலுகை உண்மையிலே குழந்தையைச் சென்றடையும்.

இனி, சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத ஒன்று உண்டு. கர்ப்பத்தையோ பேற்றையோ மட்டும் காரணமாகக் கொண்டு ஒருத்தியை வேலையினின்று நீக்குதல் ஆகாது. ஆனால் நீக்காமலே ஓரத்தில் வைக்கலாம் அன்றோ? ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் இதனைக் கண்டிருக்கின்றோம். உயர்தர வகுப்பில் இரசாயனம் கற்பித்த ஆசிரியை லீவு முடிந்து வரும்போது, அவ்வகுப்பு வேறொருவருக்குப் போய்விட்டிருக்கும். நேரசூசியில் எஞ்சிய துண்டுப் பாடங்கள் அவருக்கு விடப்பட்டிருக்கும். தீங்கு நினைத்து எவரும் அவ்வாறு செய்வதில்லை. தவணை நடுவில் மாற்றினால் மாணவர் குழம்புவர் என்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆயினும் நான்கு மாத லீவுக்காக நான்கு ஆண்டு அனுபவம் பின்தள்ளப்படுகின்றது. "இவ்வளவு நாளும் நல்ல ஓய்வுதானே" என்ற சகபாடிகளின் பேச்சும் அதனோடு சேரும். இரவு முழுதும் விழித்திருந்தவளிடம் இப்படிக் கேட்க எப்படித்தான் மனம் வருகின்றதோ!

லீவிற் செல்லுமுன்னரே, தாம் ஒப்படைக்கும் வேலை யாது, மீளும் திகதி யாது, மீண்டதும் ஏற்கும் பொறுப்பு யாது என்பவற்றை எழுத்தில் வைத்து, அதிபரிடமோ முகாமையாளரிடமோ கையொப்பம் பெற்றுக்கொள்ளல் நன்று. அரசாங்க ஊழியரான தந்தைக்கும் மூன்று வேலை நாட்கள் லீவு உண்டு. அதனைப் பிறந்த வீட்டு விருந்தினரை வரவேற்பதிற் கழியாது, மனைவியின் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதிற் கழிப்போர் உளராயின் நாம் மகிழ்வோம். தனியார் துறையில் லீவோ இடைவேளையோ மறுக்கப்படின், அண்மையிலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம்.