வசைச்சொல்லும் அளவுகோலும்

ஒருவனை அறிவிலி எனத் திட்ட ஆங்கிலத்தில் சொற்கள் பல உள. அவற்றுள் 'இடியட்', 'இம்பெசில்', 'மோரான்' என்னும் மூன்றையும் நம் விடுதியிலும் ஆய்வுக்கூடத்திலும் வேறுபாடின்றி வழங்குகிறோம். அகராதியைப் புரட்டினால் மூன்றுக்கும் 'முட்டாள்' என்றே காண்கிறோம். ஆயினும் அறிவியல் மாணவன் என்ற முறையில் ஒரு செய்தியைச் சொல்ல விழைகிறேன். ஒரு காலத்தில் இவை மருத்துவர் கையாண்ட அளவுகள்!

முதலிரண்டும் பழஞ்சொற்கள். பொதுக்காரியத்தில் கலவாது தன்பாடு பார்ப்பவனைக் குறித்த கிரேக்கச் சொல்லே 'இடியட்' ஆயிற்று. 'இம்பெசில்' இலத்தீன் வழியது. வலுவற்றவன் என்பது பொருள். 'மோரான்' என்பதோ 1910-இல் அமெரிக்க உளவியலார் ஹென்றி காடர்டு கிரேக்க வேரிலிருந்து ஆக்கிக்கொண்ட சொல்.

பிரான்சில் பினேயும் சிமோனும் 1905-இல் அமைத்த அறிவுத்தேர்வைக் கொண்டு மனவயதைக் கணித்தனர். வளர்ந்த பின்னும் மனவயது 2-ஐத் தாண்டாதவர் 'இடியட்'. 3 முதல் 7 வரை 'இம்பெசில்'. 8 முதல் 12 வரை 'மோரான்'. நாம் கடுஞ்சொல்லாகக் கருதும் 'மோரான்' அப்பட்டியலில் மேற்படியே!

சொல்தானே எனத் தள்ளிவிடலாகாது. வர்ஜீனியாவில் காரி பக் என்ற இளம்பெண்ணை 'மோரான்' என முத்திரையிட்டனர். அவளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாமென அமெரிக்க உச்சநீதிமன்றம் 1927-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பெழுதிய ஹோம்சு 'இம்பெசில்' என்றே எழுதினார். படி வேறுபாடு அவருக்கும் பொருட்டாகவில்லை. குறையுடையதெனப்பட்ட அவள் குழந்தையோ, பின்னர்ப் பள்ளியில் சிறந்த மாணவியர் பட்டியலில் இடம்பெற்றது!

நம் நாட்டிலும் 1912-ஆம் ஆண்டின் மனநோயாளர் சட்டத்தில் 'இடியட்' என்ற சொல் இருந்தது. 1987-இல் வேறு சட்டம் வந்து அதனை அகற்றியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'அறிவுசார் குறைபாடு' என்று கண்ணியமாகக் கூறுகிறது.

தோழர்களே! நாம் வாழும் இத்திருவனந்தபுரத்தில் 'பொட்டன்' என்ற சொல்லை நாள்தோறும் கேட்கிறோம். காது கேளாதவனையும் மூடனையும் மலையாளம் அவ்வொரு சொல்லால் சுட்டுகிறது. பிறவிக் குறையை வசையாக்கும் வழக்கம் எம்மொழிக்கும் புதிதன்று.

வள்ளுவரோ 'பேதைமை', 'புல்லறிவாண்மை' என இரண்டு அதிகாரங்கள் வைத்தார். நன்மையை விட்டுத் தீமையைக் கொள்வது முன்னது. அறிவின்றியே அறிவாளியெனச் செருக்குவது பின்னது. இரண்டும் ஒருவன் தானே தேடிக்கொள்பவை. முயன்றால் திருத்திக்கொள்ளத் தக்கவை. கண்டிக்க வேண்டின் அவற்றைக் கண்டிப்போம். பிறப்பில் நேர்ந்த குறையின் பெயரைக் கல்லாக எடுத்து எறிய வேண்டா.