அக்கரைக்குப் போக என்ன சீட்டு வேணும்?

நம்ம பூதலூர் ஸ்டேஷன் வழியாக ஒரு காலத்தில் கொழும்புக்கு ரயில் போனது தெரியுமா? சிரிக்காதீங்க, கிட்டத்தட்ட உண்மைதான். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, மதராஸில் கிளம்பிய 'போட் மெயில்' மாயவரம், தஞ்சாவூர், திருச்சி வழியாக தனுஷ்கோடிக்குப் போனது. அங்கே இறங்கி கப்பல் ஏறினால் சுமார் 35 கிலோமீட்டர் கடல். அக்கரையில் தலைமன்னார். அங்கிருந்து மறுபடி ரயில். எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்!

பாஸ்போர்ட்? அது வேண்டாம். இரண்டு நாடும் வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்ததால் நம் ஆட்கள் பாஸ்போர்ட் இல்லாமலே போய் வந்தார்கள்.

அதற்காக யாரும் கேள்வியே கேட்கவில்லை என்று நினைக்காதீங்க. தேயிலைத் தோட்ட வேலைக்குப் போன ஏழைகளை மண்டபத்தில் இறக்கி, முகாமில் நாள்கணக்கில் வைத்திருந்தார்கள். காலரா, அம்மை, பிளேக் அக்கரைக்குப் போய்விடக் கூடாது என்று அம்மை குத்தி, துணிமணியைச் சுத்தம் செய்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கப்பலில் ஏற்றினார்கள். முகாம் இருந்தது இந்திய மண்ணில், நடத்தியது இலங்கை அரசு. எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று தெரிய, எண் போட்ட ஒரு தகர வில்லையைக் கையில் கொடுத்தார்கள். அந்தத் தகரம்தான் அவர்களுக்கு பாஸ்போர்ட் மாதிரி. மேல் வகுப்பு டிக்கெட்காரர்களுக்கு இவ்வளவு கெடுபிடி கிடையாது. (இது எனக்கு நியாயமாகப் படவில்லை. கிருமி என்ன டிக்கெட் பார்த்தா ஏறும்?)

1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அந்த வருஷமே குடிவரவுச் சட்டம் போட்டார்கள். 1949 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு இந்தியர்களுக்கும் பாஸ்போர்ட், விசா வேணும் என்றாகிவிட்டது. கடலும் கப்பலும் அதேதான். முந்தின மாசம் டிக்கெட் மட்டும் வாங்கிப் போனவர், அடுத்த மாசம் அதே மாதிரி போனால் குற்றவாளி. காகிதம் இல்லாமல் படகில் போனவர்களை அங்கே 'கள்ளத்தோணி' என்று ஏசினார்கள். முறையாகப் போய் பல வருஷம் உழைத்தவர்களையும் அதே பெயர் சொல்லித் திட்டியதுதான் கொடுமை.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் இலங்கைச் சண்டையால் 1980-களில் நின்றது. அக்கரைக்குப் போகிறவர்களைத் தங்க வைத்த அதே மண்டபம் முகாமில், அக்கரையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களைத் தங்க வைத்தார்கள்.

இப்போது நமக்குப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. 2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது.

ஆனால் விசா விதி ஒரு நிலையில் நிற்கவில்லை. 2023 கடைசியில் இந்தியர்களுக்கு விசா கட்டணம் இல்லை என்று சோதனையாக அறிவித்தார்கள். 2024 ஏப்ரலில் விண்ணப்பம் வாங்கும் வேலையைத் தனியாரிடம் கொடுத்து, முறையையே மாற்றினார்கள். கட்டணம் கூடுதல் என்று அங்கேயே சண்டை வந்து, ஆகஸ்டில் இலங்கை உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. செப்டம்பரில் பழைய இணைய அனுமதி முறையே திரும்பி வந்தது. ஒரே வருஷத்துக்குள் இத்தனை! போன தடவை போய் வந்தவர் சொன்னதை நம்பிக் கிளம்பினால் மாட்டிக்குவோம். அந்த நாட்டு அரசாங்கத்தின் இணையதளத்தில்தான் பார்க்கணும். அதே மாதிரி பெயர் வைத்துக்கொண்டு கூடுதல் பணம் பிடுங்கும் தளங்களும் இருக்கு, ஜாக்கிரதை.

மாறாத விதி ஒன்றில்தான் எங்கள் தெரு மாமா ஒருவர் மாட்டினார். நல்லூர் கந்தசாமி கோயிலைப் பார்க்க ரொம்ப நாள் ஆசை அவருக்கு. பணம் சேர்த்து, பையெல்லாம் கட்டி, டிக்கெட் போடப் போனார். பாஸ்போர்ட் முடிய நாலு மாசம்தான் இருந்தது. அங்கே போய் இறங்கும் நாளில் குறைந்தது ஆறு மாசமாவது மிச்சம் இருக்கணுமாம்! திருப்பி அனுப்பிட்டாங்க. புதுப்பிக்க எழுதிப் போட்டு, போலீஸ் விசாரணை முடிந்து, புது பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கடல் கொந்தளிப்பு என்று கப்பலை நிறுத்திவிட்டார்கள். "தை பொறக்கட்டும்டா"ன்னு சொல்லி பாஸ்போர்ட்டை அரிசிப் பானைக்குள்ள வச்சிருக்கார் மாமா.